ராசா சொல்லாத வார்த்தை

"உவன் என்னவாமடி சொல்லுறான்?"

"பொறுங்கோ அம்மா, இன்னும் முடிக்கேல்லை."

"வாயை மூடிட்டானே!"

"வாயைத்தான் மூடினவன். இந்தா, இப்ப சொல்லுறன்."

சின்னாச்சி தொண்டையைச் செருமினாள். அடுத்த கணம் யன்னலுக்கு வெளியே இருந்து வந்தது அவளுடைய குரலே அல்ல. பட்டுச் சால்வை போர்த்து மீசை முறுக்கிய ஒரு குரல்.

"'மந்திரி! கோட்டை வாசலை அடைத்துவிடுங்கள். நிழல் விழாதவன் ஒருவன்கூட என் நகரத்துக்குள் கால் வைக்கக் கூடாது!'"

ஹோலுக்குள் பாயிலும் கதிரையிலும் இருந்த முப்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"அதுக்கு அந்தப் பெட்டை என்னவாம்?"

குரல் மெலிந்தது. "'நிழலை நாங்களே துலைச்சனாங்கள், ராசா? சூனியக்காரி வந்து களவெடுத்தவள். களவு குடுத்தவனுக்கோ தண்டனை?'"

"அச்சாக் கேள்வி!" என்று தொடையில் தட்டினார் தம்பிஐயா. சந்தியில் கடை வைத்திருப்பவர். வாய் சும்மா இராது. "ஆனா ஒண்டு கேக்கிறன் சின்னாச்சி. உந்த நிழலில்லாத சனமெல்லாம் உங்கடை குறிச்சிக் கதை கதைக்குது. ராசா மட்டும் பண்டிதர் மாதிரிப் பறையிறார். அதென்ன?"

"அங்கையும் அப்பிடித்தான் ஐயா. ஹிந்தியிலையும் ரெண்டு ஹிந்தி இருக்கு."

ஹோல் சிரித்தது. சின்னாச்சியும் யன்னலுக்கு வெளியே நின்று சிரித்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஒன்பது மணி அடித்தால் உரும்பிராயின் அந்த ஒழுங்கையில் நாய்கூட நடமாடாது. இராசநாயகம் ஓவசியர் வீட்டுக் கூரைக்கு மேலே ஒரு பனை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு அன்ரனா கட்டியிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இந்தியாவின் தொலைக்காட்சி அதில் வந்து விழும். மின்சாரம் இல்லாத நாளில் ஓவசியரின் ஒஸ்ரின் காரிலிருந்து பற்றரியைக் கழற்றிப் பூட்டுவார்கள். படம் வரும், சத்தம் வரும், விளக்கம்தான் வராது. நாடகம் ஹிந்தியில். ஒரு நகரம், அதன் வெள்ளை மதிலுக்கு வெளியே ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் நிழலைச் சூனியக்காரி ஒருத்தி இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். நிழல் இல்லாதவர் தீட்டு என்று நகரம் அவர்களைத் துரத்திவிட்டது. இவ்வளவையும் அந்த ஊர் அறிந்தது சின்னாச்சியின் வாயால்.

அவளுக்கு ஹிந்தி எப்படி வந்தது? புருசன் பனையிலிருந்து விழுந்து செத்த பிறகு, மகள் தவமணியைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு அவள் குவைத்துக்குப் போனவள். அரபி வீட்டுக் குசினியில் ஒரு பீகார்க்காரியோடு ஐந்து வருசம் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்தப் பாஷையும் கையோடு வந்துவிட்டது. திரும்பி வந்தபோது ஒரு சூட்கேஸ், கொஞ்சம் ஹிந்தி, இன்னொரு பழக்கம். ஓவசியரின் பெண்சாதி குணலட்சுமியைக் குறிச்சியில் எல்லாரும் நாச்சியார் என்று கூப்பிட, சின்னாச்சி மட்டும் அம்மா என்று கூப்பிட்டாள். குணலட்சுமி முதல் நாள் முகத்தைச் சுழித்தாள். பிறகு கேட்டும் கேளாத மாதிரி விட்டுவிட்டாள்.

ஆனால் வாசற்படி வாசற்படிதான். பனையேறுகிற குறிச்சிக் கால் அதில் ஏறியது கிடையாது. எனவே சின்னாச்சி வெளியே, ஒரு சீமெந்துக் கல்லின்மேல் ஏறி நின்று யன்னலுக்குள்ளால் பார்ப்பாள். அவளுக்குப் படம் தெரியவேண்டும் என்பதற்காகப் தொலைக்காட்சிப் பெட்டியை யன்னல் பக்கமாகச் சரித்து வைத்திருந்தார்கள். அதனால் உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் கழுத்துச் சுளுக்கு.

"இவளாலை என்ரை கழுத்து ஒரு பக்கமாத் திரும்பிப் போச்சு," என்று தம்பிஐயா ஒருமுறை முணுமுணுத்தார். "இவளை உள்ளுக்கு விட்டால் எல்லாற்றை கழுத்தும் நேராகும்."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பிஐயாவே வெற்றிலையைத் துப்ப வெளியே எழுந்து போனார்.

சின்னாச்சிக்கு வாசற்படி பெரிய கவலையில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு.

குறிச்சிப் பதினாலு வீட்டுக்கும் ஒரே கிணறுதான் இருந்தது. இந்திய ஆமி வந்திறங்கிச் சண்டை தொடங்கிய ஐப்பசியில் ஒரு பீரங்கிச் செல் வந்து கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. கட்டு இடிந்து, பாறை சரிந்து, கிணறு தூர்ந்துபோயிற்று. திரும்பத் தோண்டலாம் என்றால் அந்த மண்ணுக்குக் கீழே கல். கல்லை உடைக்க வெடிமருந்து வேண்டும். வெடிமருந்து என்ற சொல்லையே வாயால் சொல்ல முடியாத காலம் அது. ஆகவே பதினாலு வீட்டுப் பெண்களும் விடியற்காலையில் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓவசியர் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தார்கள். வந்து, தேசி மரத்துக்குக் கீழே நின்றார்கள். கயிற்றில் அவர்கள் கை படக்கூடாது. வீட்டில் இருந்து யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். ஊற்றும்போதும் வாளி குடத்தின் வாயில் முட்டக்கூடாது. அதனால் மேலே இருந்து ஊற்ற, பாதி குடத்துக்குள்ளும் பாதி மண்ணிலும் போகும்.

வீட்டில் இருந்தது ஓவசியரும் குணலட்சுமியும் மட்டுமே. பிள்ளைகள் இரண்டும் கனடாவில். எனவே அள்ளி ஊற்றுவது குணலட்சுமி. அவளுக்கு வயது அறுபத்திரண்டு. வலது தோள்மூட்டில் வாதம்.

"அம்மா, தோள் நோகுது போலை," என்றாள் சின்னாச்சி ஒரு விடியலில்.

"நோகாமல்? பதினாலு வீட்டுக்கு இழுக்கிறன். மூட்டு கழண்டு கையோடை வரப்போகுது."

"அப்ப கயிற்றை எங்களிட்டைத் தாங்கோவன். நாங்கள் அள்ளுவம். உங்களுக்கும் சேத்து அள்ளி வைக்கிறன்."

குணலட்சுமி வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி கதைக்கிறாய்?"

"தவமணி பிள்ளை பெத்துப் பதினொரு நாள். இலை அவிச்சு வேதுத்தண்ணி வார்க்கவேணும், துணி அலசவேணும். ஒரு குடத்துக்கு ஒரு மணித்தியாலம் நிண்டால் நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும். அவரைக் கேள்."

அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். சின்னாச்சி முற்றத்தில் நின்று கேட்டாள். ஓவசியர் பேப்பரை மடித்தார். கோபக்காரர் அல்ல, குரலை உயர்த்தியதை ஒருவரும் கேட்டதில்லை.

"சின்னாச்சி, நான் ஆரையும் குறைச்சு நினைக்கிறவன் இல்லை. றோட்டு வேலையிலை நிக்கேக்கை எல்லாரோடையும் ஒரே கேத்திலிலை தேத்தண்ணி குடிச்சனான். ஆனா உது பங்குக் கிணறு. நாலு பங்குக்காரர். எனக்கு ஒரு பங்குதான்."

"மற்ற மூண்டு பேரும் எங்கை ஐயா?"

"ரெண்டு பேர் லண்டனிலை. ஒருத்தன் கனடாவிலை."

"அவையள் இனி வந்து உந்தத் தண்ணியைக் குடிக்கப் போகினமே?"

"குடிக்கினமோ இல்லையோ, பங்கு பங்குதான். கேக்காமல் செய்யேலாது." பேப்பரை மறுபடி விரித்தார். "என்ரை கண் மூடட்டும். பேந்து என்னவும் செய்யுங்கோ."

குவைத்தில் ஒரு குழாய் இருந்தது. திறந்தால் தண்ணீர் வரும். திறந்தது யார் என்று அந்தக் குழாய் ஒருநாளும் கேட்டதில்லை. சின்னாச்சி அதை நினைத்துக்கொண்டே அரைக்குடம் தண்ணீரோடு வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிறு நடந்ததை அவள் திட்டம்போட்டுச் செய்யவில்லை. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வாள்.

நாடகத்தில் மழை பொய்த்துவிட்டது. நிழலில்லாத சனம் நாக்கு வறண்டு, பிள்ளை குட்டிகளோடு ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறது. ஆறு நகரத்துக்குச் சொந்தம். கரை முழுக்க ஈட்டிக்காரர். அந்தப் பெட்டை இடுப்பில் ஒரு குழந்தையோடு முன்னுக்கு வருகிறாள்.

"'ராசா! எங்களுக்கு உங்கடை நகரம் வேண்டாம். மாளிகை வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு ஒரு கை தண்ணி. அவ்வளவுதான். அள்ளிப்போட்டுப் போயிடுவம்.'"

குணலட்சுமி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஐயோ பிள்ளை... ராசா என்னவாம்? என்னவாமடி?"

யானைமேல் இருந்த ராசா கையை உயர்த்தினான். பேசினான். மெதுவாக, இரக்கமாகத்தான் பேசினான். 'அப்படியே நில்லுங்கள். என் ஆட்கள் வந்து உங்களுக்கு ஊற்றுவார்கள். உங்கள் கை மட்டும் ஆற்றில் படக் கூடாது.'

சின்னாச்சி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

"என்னடி, வாய் அடைச்சுப் போச்சோ? ராசா என்ன சொன்னவர்?"

"ராசா..." என்றாள் சின்னாச்சி. யன்னல் கம்பி கைக்குள் சுட்டது. "ராசா சொல்லுறார்: 'பெண்ணே, ஆறு எவருடைய பாட்டன் வெட்டியது? மழை பெய்தது, ஆறு ஓடியது. இன்று முதல் உங்கள் கையாலேயே நீங்கள் அள்ளிக் குடியுங்கள். தடுப்பவன் என் எதிரி!'"

பெட்டியில் அந்தப் பெட்டையின் முகம் பெரிதாக வந்து நின்றது. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அதோடு பாட்டு வந்து நாடகம் முடிந்தது.

"சந்தோசத்திலை அழுகிறாள்," என்றாள் சின்னாச்சி.

ஹோலே கலங்கிவிட்டது. தம்பிஐயா எழுந்து நின்று கைதட்டினார். "அவனல்லோ ராசா!" குணலட்சுமி அழுது முடித்து, திரும்பவும் அழுதாள். "இவ்வளவு நாளும் அந்தக் குஞ்சு குருமனுகளைத் தவிக்க விட்டாங்களே, பாவியள். ஒரு வாய் தண்ணிக்கு... அதுகளும் மனிசர்தானே."

சின்னாச்சி யன்னலால் அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். பொய்க் கண்ணீர் இல்லை. மூக்கு நுனி சிவந்து, தாடை நடுங்கி வந்த கண்ணீர். பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அங்கேதான் அவள் பிசகினாள்.

மறுநாள் விடியற்காலை தேசி மரத்துக்குக் கீழே பெண்கள் நிற்க, சின்னாச்சி நிற்கவில்லை. நேரே கிணற்றுக்கட்டில் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள்.

"ஏய், உனக்கு விசரே?" என்று கீழ்க்குரலில் கத்தினாள் பக்கத்து வீட்டுப் பூரணம். "இறங்கடி!"

"பயப்பிடாதை. அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. நேற்று நீ பாக்கேல்லை, நான் பாத்தனான்."

கப்பி சத்தம் கேட்டுக் குணலட்சுமி குசினியிலிருந்து ஓடி வந்தாள். முதல் வாளி அப்போதுதான் மேலே வந்திருந்தது.

"வையடி! வை கீழை! ஐயோ, இஞ்சை வாருங்கோ, இவள் செய்த வேலையைப் பாருங்கோ!"

"அம்மா, நேற்று நீங்கள் அழுதனீங்கள்."

"என்ன?"

"அந்தச் சனம் தங்கடை கையாலை அள்ளலாம் எண்டதும் அழுதனீங்கள். அதுகளும் மனிசர் எண்டு சொன்னனீங்கள்."

"அது படமடி, விசரி!" குணலட்சுமியின் குரல் உடைந்தது. "படத்துக்கு அழுகிறதும் இதுவும் ஒண்டே?"

ஓவசியர் வந்தார். தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கயிற்றை வெட்டச் சொன்னார். பிறகு தோட்டத்து இறைப்பு மெசினைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடைக்காத காலம். போத்தலில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து ஊற்றி மெசினை முடுக்கினார்கள். சின்னாச்சியின் கை பட்ட கிணற்றை அடி காணும்வரை இறைத்தார்கள். தேசி மரத்துக்குக் கீழே பதினாலு குடமும் வெறுமையாக இருக்க, தண்ணீர் வாய்க்கால் நிறைந்து வாழைக்கு ஓடியது. வாழைக்கும் அவ்வளவு தேவைப்படவில்லை. பாத்தி உடைத்து ஒழுங்கைக்கும் வந்தது. பெண்கள் அதில் கால் நனைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

"உள்ளதும் போச்சு," என்றாள் பூரணம். "உன்ரை வாயாலை உள்ளதும் போச்சு. அரைக்குடமெண்டாலும் கிடைச்சுது. குவைத்துக்குப் போனவளுக்குக் குழாயிலை வரும், எங்களுக்கு?"

சின்னாச்சி வெறுங்குடத்தோடு முன்னால் நடந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க அவர்கள் பெரிய றோட்டுக்கு அப்பாலிருந்த பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நடந்தார்கள். போக ஒரு கட்டைத் தூரம், ஒரு மைல்; வர இன்னொரு கட்டை. நடுவில் இந்திய ஆமியின் சென்றி. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து இரண்டு சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

"இந்தப் பொம்பிளையள் ஒவ்வொரு நாளும் எங்கையிருந்து நடந்து வருகினம்?" என்றான் ஒருவன் ஹிந்தியில். "இந்த ஊரிலை வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கே."

"எங்கடை ஊரிலையும்தான் வீட்டுக்கு ஒரு கிணறு," என்றான் மற்றவன். "என்ரை அம்மாவும் இப்பிடித்தான் நடந்தவ."

சின்னாச்சிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. ஆமியோடு ஒரு வார்த்தை கதைத்தாள், காட்டிக்கொடுப்பவள் என்று ஊரில் பெயர் எடுத்தால் அடுத்த நாள் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். செவிடி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் மாற்றி, நடந்தாள்.

வீட்டில் தவமணிக்குக் காய்ச்சல் காய்ந்தது. வேது வார்க்க வைத்த ஆடாதோடை இலை, தண்ணீர் இல்லாமல் சுளகில் வாடிக் கிடந்தது.

"அம்மா," என்றாள் தவமணி, பாயில் கிடந்தபடி. "போய் மன்னிப்புக் கேளுங்கோ."

"என்ன பிழை செய்தனானெண்டு கேக்கிறது?"

"பிழை செய்தவை மட்டுமே மன்னிப்புக் கேக்கினம்? தண்ணி வேணுமெண்டவையும் கேக்கலாம்."

சனிக்கிழமை தம்பிஐயா சைக்கிளில் வந்தார். குறிச்சிக்குள் வரவில்லை, ஒழுங்கை முகப்பில் ஒரு காலை ஊன்றி நின்று மணி அடித்தார்.

"நாளைக்குக் கதை சொல்ல வருவியாம்."

"ஆர் சொன்னது?"

"குணலட்சுமி அக்காதான். ஓவசியருக்கும் சம்மதம். நீ வந்து, யன்னலடியிலை நிண்டு, எல்லாருக்கும் முன்னாலை 'தெரியாமல் செய்து போட்டன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவியாம். திங்கள் விடிய பழையபடி ஊத்துவினம்."

"பழையபடி."

"பேந்தென்ன, புதுசாவே? நீயும் ஒரு விசரி சின்னாச்சி. ஆனா உன்னை விட்டால் உந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெட்டைக்கு என்ன நடந்துதோ எண்டு அக்கா கிழமை முழுக்க நித்திரை கொள்ளேல்லையாம்."

"வாறன்," என்றாள் சின்னாச்சி. சுளகில் கிடந்த இலைதான் அப்போது அவள் நினைப்பில் இருந்தது.

ஞாயிறு ஒன்பது மணிக்குச் சீமெந்துக் கல்லில் ஏறி நின்றாள். ஹோல் நிறைந்திருந்தது. ஓவசியரும் முன் கதிரையில். வழக்கமாக அவர் அறைக்குள் இருந்து கேட்பார்.

"சொல்லு," என்றார் அவர், திரும்பாமல்.

அவள் சொல்ல வாயெடுக்க, பெட்டியில் பாட்டு முடிந்து நாடகம் தொடங்கிவிட்டது. ஹோல் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. ஆற்றங்கரை. அதே ஈட்டிக்காரர். அந்தப் பெட்டையும் அவளுடைய சனமும் முழங்காலில் இருந்து கையேந்துகிறார்கள். ஒருவன் ஆற்றில் அள்ளி, உயரத்தில் நின்று, அவர்களுடைய கைகளுக்குள் ஊற்றுகிறான். பாதி மண்ணில் போகிறது.

"இதென்னடி?" என்றாள் குணலட்சுமி. "தங்கடை கையாலை அள்ளலாம் எண்டல்லோ ராசா சொன்னவர்?"

"ஓமோம், போன கிழமை சொன்னவரே!" என்றார் தம்பிஐயா. "இப்ப ஏன் ஊத்துறாங்கள்? ராசா சொல்லு மாறிப்போட்டாரோ?"

"மாறேல்லை," என்றாள் சின்னாச்சி.

"அப்ப?"

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை. அது நான் சொன்னது."

பெட்டி தன்பாட்டில் ஹிந்தியில் கதைத்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை. எல்லாரும் யன்னலைப் பார்த்தார்கள். கழுத்துகள் இந்த முறை மறுபக்கம் சுளுக்கின.

"ராசா என்னதான் சொன்னவர்?" என்று கேட்டாள் குணலட்சுமி. குரல் கீழே இறங்கியிருந்தது.

"'அப்பிடியே நில்லுங்கோ. என்ரை ஆக்கள் வந்து ஊத்துவினம். உங்கடை கை மட்டும் ஆத்திலை படக்கூடாது.' இவ்வளவும்தான்."

குணலட்சுமி கதிரையை யன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏனடி பொய் சொன்னனீ?"

"எனக்கு அந்தச் சொல்லு வாயாலை வரேல்லை அம்மா. நான் பொய் சொன்னது உண்மை. ஆனா அந்தப் பொய்யுக்கு நீங்கள் அழுத அழுகை மெய்யாத்தான் இருந்தது. நான் அதை நம்பிப் போய்க் கயிற்றைப் பிடிச்சனான். என்ரை பிழை அதுதான். நீங்கள் கேக்கச் சொன்ன மன்னிப்பும் அதுதான். கேட்டிட்டன்."

ஓவசியர் கதிரையில் அசைந்தார். "காணும். கதையைச் சொல்லு."

சின்னாச்சி பெட்டியைப் பார்த்தாள். பெட்டை எழுந்துவிட்டாள். ஈட்டிக்காரனைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். சத்தமாக, விரலை நீட்டிச் சொல்கிறாள். சின்னாச்சிக்கு விளங்கியது. ஹோலில் ஒரு குருவிக்கும் விளங்கவில்லை. முப்பது முகங்களும் வாயைத் திறந்தபடி அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றன. அந்த முகங்களை அவள் எங்கேயோ கண்டிருக்கிறாள். தேசி மரத்துக்குக் கீழே, விடியற்காலையில், குடத்தின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

"என்ன சொல்லுறாள்? கெதியாச் சொல்லு!"

"உங்களுக்குக் காது இருக்கு, கண் இருக்கு," என்றாள் சின்னாச்சி. "நீங்களே அள்ளிக் குடியுங்கோ."

கல்லிலிருந்து இறங்கினாள். உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "போனால் திங்கள் தண்ணி இல்லை, கேட்டியே?" என்ற குரல் கேட்டது. ஓவசியருடைய குரல் அவ்வளவு உயர்ந்ததை அன்றுதான் ஊர் கேட்டது. பிறகு தம்பிஐயா: "இப்ப என்னதான் நடக்குது உதிலை? ஆராவது சொல்லுங்கோவன்." படலை தாண்டும்வரை அந்தப் பெட்டையின் குரல் ஹிந்தியில் பின்னால் வந்துகொண்டிருந்தது.

திங்கள் விடியத் தண்ணீர் இல்லை. செவ்வாயும் இல்லை. பூரணம் கதைப்பதை நிறுத்திவிட்டாள். அது ஏச்சை விட மோசமாக இருந்தது. சின்னாச்சி எல்லாருக்கும் முன்னே எழும்பிப் பள்ளிக்கூடக் கிணற்றுக்கு இரண்டு தரம் நடந்தாள். முதல் குடம் தவமணிக்கு. இரண்டாவதைச் சொல்லாமல் பூரணத்தின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ஆடாதோடை புதிதாய்ப் பிடுங்கி வேது வார்த்ததில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிற்று. அவளுடைய இடுப்பில்தான் குடம் இருந்த இடம் கன்றிப்போயிற்று.

வியாழக்கிழமை விடியப்புறம் பூரணம் ஓடி வந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"சின்னாச்சி, கிணத்தடியிலை கயிறு கிடக்கு."

"ஆற்றை கிணத்தடியிலை?"

"ஓவசியற்றை. ஒருதரும் இல்லை. படலை திறந்து கிடக்கு. வாளியும் கட்டியிருக்கு."

"ஓவசியர்?"

"கோயிலுக்குப் போறதைக் கண்டனான். இனி ஏழு மணிக்குத்தான் வருவார்."

சின்னாச்சி குடத்தை எடுத்தாள். மற்றப் பெண்கள் தேசி மரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள், பழகிய கால். கிணற்றுக் கட்டில் ஒரு மனிதக் குஞ்சு இல்லை. கப்பியில் புதுத் தும்புக் கயிறு, மஞ்சள் நிறத்தில். வழக்கமாகக் கிணற்றுப் பக்கம் திறந்தே கிடக்கும் குசினிக் கதவு சாத்தியிருந்தது. கதவின் கீழ் இடுக்கால் விளக்கு வெளிச்சமும், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இரண்டு கால்களும் தெரிந்தன.

சின்னாச்சி கிணற்றுக்கட்டில் ஏறினாள். கயிற்றைத் தொடவில்லை. சும்மா நின்றாள்.

"ஆரடி கிணத்தடியிலை?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"நாங்கள்தான் அம்மா."

எங்கோ ஒரு கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

"அந்தப் பெட்டை..." குரல் தயங்கியது. "அவள் செத்துப் போனாளோ?"

"தெரியாது அம்மா. நானும் பாக்கேல்லை."

கால்கள் இடம் மாறின. திரும்பிப் போகப்போகின்றன என்று சின்னாச்சி நினைத்தாள். போகவில்லை.

"ஏழு மணிக்குள்ளை முடியுங்கோ," என்றது கதவு. "நான் ஒண்டையும் காணேல்லை."

"ஓம்."

"புதுக் கயிறு. தும்பு கையை அறுக்கும். சீலையைச் சுத்திப் பிடியுங்கோ."

சின்னாச்சி தலைப்பை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு வாளியை இறக்கினாள். வாளி கீழே போய்த் தண்ணீரைத் தொட்ட சத்தம் தேசி மரத்தடிவரை கேட்டது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் திரும்பாமல். "குடத்தைக் கொண்டாங்கோ. பூரணம், நீ மற்றப் பக்கம் பிடி."